தானாகப் புளிக்க வேண்டும்

என் கை முந்தும், வாய் பிந்தும். ஊரில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். வீட்டில் இதைச் சொல்லி அழுதிருக்கிறார்கள். ‘அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்’ என்பது நான் வாய்க்கு வாய் சொன்ன பழமொழி. சொன்னதோடு நில்லாமல் அதன்படி நடந்தும் காட்டினேன். பள்ளிக்கூடத்தில் சிலேட்டால் ஒருவனை, சந்தையில் தராசுத் தட்டால் ஒருவனை, கலியாண வீட்டில் அகப்பையால் ஒரு சமையல்காரனை. அடித்த பிறகுதான் எனக்குப் பேச்சு வரும்.

கல்முனையில் கலியாண வீடுகளுக்கு அச்சாறு போட்டுக் கொடுப்பது என் தொழில். எங்கள் பக்கத்தில் பெரிய தட்டொன்றில் சோற்றைக் குவித்து, ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகக் கைபோட்டுச் சாப்பிடுவார்கள். அதற்குச் சஹன் என்று பெயர். இறைச்சிக் கொழுப்பு தொண்டையில் படியும்போது அதை அறுத்து இறக்குவது அச்சாறுதான். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், ஈச்சம்பழம், கடுகு எல்லாம் யாரும் வாங்கலாம். அதில் ஊற்றுகிற புளிக்காடியில், வினாகிரியில்தான் கைப்பக்குவம் இருக்கிறது. கடையில் விற்பது மருந்துத் தண்ணி. பல் கூசுமே தவிர ருசி நிற்காது.

எனக்கு ஒரு மகள் இருந்தாள். ஆறு வயது. அச்சாற்று அகப்பையை நக்கிவிட்டு இடது கண்ணை இறுக மூடுவாள். வலது கண் விழித்தபடியே இருக்கும். அது அவளுக்கு மாமாவிடமிருந்து வந்தது. என் மனைவியின் தம்பிக்கும் புளிப்புப் பட்டால் இடது கண் தானாக மூடிக்கொள்ளும். இரண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்தில் இருத்தி ஆளுக்கொரு தேசிக்காய்த் துண்டு கொடுத்துச் சிரிப்பது எங்கள் வீட்டு விளையாட்டு. “கண்ண மூடாமத் திண்டு காட்டுங்க பாப்பம்” என்று நான் பந்தயம் கட்டுவேன். இருவராலும் ஒருநாளும் முடிந்ததில்லை.

கடல் வந்த அன்று, கரைவலை இழுப்பதைக் காட்ட அவளைத் தோளில் ஏற்றிக்கொண்டு போனவன் அந்த மச்சான்தான். ஞாயிற்றுக்கிழமைக் காலை. நான் சந்தைப் பக்கம் ஒரு கலியாண வீட்டில் அச்சாற்று வாளியை இறக்கிக்கொண்டிருந்தேன். சனம் கத்திக்கொண்டு ஓடிவந்ததைக் கண்டு நான் அவர்களுக்கு எதிர்ப்பக்கமாக ஓடினேன். கடல் அன்று தண்ணீராக வரவில்லை. கறுப்புச் சேறாக, கூரைத் தகரமும் வள்ளமும் மதில் கல்லுமாக வந்து சனத்தை இடித்து அரைத்துவிட்டுப் போயிருந்தது. எங்கள் தெரு இருந்த இடத்தில் தெரு இல்லை. வேலிக் கம்பியில் ஆட்கள் தொங்கினார்கள். கால் வைத்த இடமெல்லாம் மையத்து, பிணம். மகளை மறுநாள் ஒரு தாழம்பற்றைக்குள் கண்டெடுத்தேன். சட்டையின் நிறத்தை வைத்துத்தான் அவள் என்று தெரிந்தது. இயந்திரம் வெட்டிய நீளக் குழியில் மற்றவர்களோடு அடக்கினோம்.

அடக்கிவிட்டு நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனேன். தப்பிய சனம் அங்கேதான் கிடந்தது. அவன் சுவரோடு சாய்ந்து இருந்தான். நெஞ்சிலும் கையிலும் தோலே இல்லை. தென்னை மரத்தைக் கட்டிப்பிடித்ததில் உரிந்துபோயிருந்தது. என்னைக் கண்டதும், “விட்டுட்டன் மச்சான்” என்றான்.

தண்ணீர் அள்ள யாரோ வைத்திருந்த வாளி பக்கத்தில் இருந்தது. அதன் இரும்பு விளிம்பால் அவன் வாயில் அடித்தேன். மேல்முன்பல் இரண்டு தெறித்தன. பிறகு கையால் அடித்தேன், பிறகு காலால். அவன் தடுக்கக் கை தூக்கவில்லை. அது எனக்கு இன்னும் வெறியை ஏற்றியது. நாலு பேர் சேர்ந்துதான் என்னை இழுத்தெடுத்தார்கள். என் மனைவி அந்த இரண்டு பல்லையும் தரையிலிருந்து பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். மகளையும் இழந்து தம்பியின் பல்லையும் பொறுக்கியவளைப் பார்த்து எனக்கு அன்று வெட்கம் வரவில்லை. எனக்கு அடிப்பதற்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. கடலை அடிக்க முடியாது.

அதற்குப் பிறகு நாலரை வருசம் நானும் அவனும் கதைக்கவில்லை. எங்கள் ஊர் வழக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது, ஆண் அங்கே போய்க் குடியிருப்பவன். கடற்கரை வீடு போனபின் ஊருக்குள்ளே ஒரு வீட்டுத் திட்டத்தில் கிடைத்த புது வீடும் மனைவியின் பெயரில்தான் இருந்தது. அப்படியிருந்தும் சொந்தத் தம்பி, ராத்தா என்று தான் கூப்பிடுகிற அக்காவின் வீட்டுக்கு நான் இல்லாத வேளை பார்த்துக் குசினிப் பக்கத்தால் வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனான். நான் வந்து பார்க்கும்போது கழுவிக் கவிழ்த்த கோப்பை ஒன்று கூடுதலாக இருக்கும். நான் கேட்கமாட்டேன். அவளும் சொல்லமாட்டாள்.

அவன் தாடி வளர்த்தான். ஐந்து வேளையும் பள்ளிவாசலில் முதல் வரிசையில் நின்றான். கடல் வந்தது எங்கள் பாவத்தால் என்று ஊரில் அப்போது பலர் மேடை போட்டுச் சொன்னார்கள். ஊரைத் திருத்தவென்று பொடியன்மார் கூட்டம் ஒன்று கிளம்பியது. மறைத்துக் கள்ளுக் குடித்த ஒருவரைப் பிடித்துத் தலையை வழித்து, வெறும் போத்தல்களை மாலையாகக் கோத்துக் கழுத்தில் போட்டு, மக்கள் பார்க்கத் தெருத்தெருவாக நடத்தினார்கள். அவர் அதற்குப் பிறகு ஊரில் இருக்கவில்லை. மனைவியும் பிள்ளைகளும் அவரோடு போகவில்லை. அந்தக் கூட்டத்தில் என் மச்சானும் நின்றான். முன்னுக்கு நிற்கவில்லை, ஆனால் நின்றான். பொடியன்மார் அவன் சொல்லைக் கேட்பார்கள் என்பதும் ஊருக்குத் தெரியும்.

இதெல்லாம் தெரிந்துகொண்டே நான் பழச்சாற்றைப் புளிக்க வைக்கத் தொடங்கினேன். தென்னங்கள்ளில் எடுக்கிற வினாகிரி நல்லதுதான், ஆனால் கள் என்ற சொல் காதில் விழுந்தாலே எங்கள் சனம் சஹனிலிருந்து கையை எடுத்துவிடும். பழம் என்றால் பிரச்சினை இல்லை என்று நினைத்தேன். முதலில் மௌலவியிடம் போய்க் கேட்டேன்.

“சாறு வினாகிரியாகிறத்துக்கு முன்னால ஒரு கட்டத்தில மதுவாகும். அந்த நேரம் ஒரு மிடறு குடிச்சாலும் ஹறாம்தான்” என்றார். “மறுகா அது தானாப் புளிச்சி வினாகிரியானா ஹலால். நீங்க உப்ப, மாவ, எதையாச்சும் போட்டு அதத் திருப்பினா மட்டும் அது ஒருநாளும் சுத்தமாகாது. கை போடப்படா. பொறுமையா இரிக்கணும்.”

கை போடாமல் பொறுமையாக இரு என்று என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

பழம், கஜுப்பழம். மரமுந்திரிகை என்று புத்தகத்தில் எழுதுவார்கள். தெற்கே கோமாரி ஊர் மணலில் அது நன்றாக நிற்கும். கொட்டையைத் திருகி எடுத்தபின் பழம் மரத்தடியிலேயே அழுகும், யாரும் சீண்டுவதில்லை. அங்கே ஒரு தமிழ் அக்காவுக்குப் பெரிய கஜு வளவு இருந்தது. என் வயதுதான் இருக்கும், மரியாதைக்கு அக்கா என்பேன். அவர் என்னை, எங்கள் ஆட்கள் அண்ணனைச் சொல்வதுபோல், காக்கா என்பார். புருசன் முன்பே செத்துப்போனார். வீட்டைக் கடல் கொண்டுபோனது. ஒரே மகனை இயக்கம் கொண்டுபோனது. அவன் வன்னியில் நின்றான். அந்த ஆயுத இயக்கம் எங்கள் முஸ்லிம் ஊர்களில் செய்த கொலைகளை நான் மறந்தவனல்ல. அவருடைய மகனைப் பற்றிக் கதை வரும்போதெல்லாம் நான் பழத்தைப் பற்றிக் கதைப்பேன்.

கஜு மரம் கொட்டையில் முளைப்பது. தாயும் பிள்ளையும் ஒரே ருசியில் இருக்காது. மஞ்சள், சிவப்பு, இரண்டுக்கும் நடுவே ஒன்று என்று நிறம் இருக்கிறது, ஆனால் நிறத்தை நம்பிப் போனால் மோசம் போவீர்கள். நாக்குத்தான் சாட்சி. பழத்தைக் கடித்துச் சாற்றை மேலண்ணத்தோடு அழுத்துவேன். இனிப்பு நாக்கு நுனியிலேயே பரவி நின்றுவிடும். கயர்ப்பு தொண்டையைப் பிராண்டும். நல்ல புளிப்பு இரண்டையும் தாண்டிப் போய்க் காதடியில் தாடையை இழுக்கும். எனக்கு வேண்டியது அந்த இழுப்பு. புளிப்புச் சாற்றில் பூஞ்சணம் பிடிக்காது, நுரையும் அடக்கமாக எழும், மதுவாகிற கட்டத்தை மெல்லமாகத் தாண்டிவிடும். இனிப்புச் சாறு பொங்கும், மணக்கும், வாரக்கணக்கில் மதுவாகவே கிடக்கும். ஊரில் எந்தச் சாற்றோடு நான் இருக்கலாம் என்பதில் சந்தேகமே இல்லை.

மூன்று மரங்களைத் தேர்ந்தேன். அடிமரத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டேன். அதில் ஒன்று சிறிய சிவப்புப் பழம் காய்க்கிற முறுகிய மரம். அதன் பழத்தைக் கடித்தால் கன்னத்தில் அறைந்தது போலிருக்கும். என் குணம் அதற்கு என்று அக்கா சொல்லுவார். அந்த மூன்று மரத்துச் சாறும் பங்குனிக்குள் மூன்று பீங்கான் சாடிகளில் ஏறிவிட்டது. வாயைத் துணியால் கட்டிப் பின்புறக் கொட்டிலில் வைத்தேன்.

மே மாதம் தொடங்கி ஒரு வாரம் போனபோது அக்கா சொல்லியனுப்பினார். பழம் முடியப்போகிறது, கடைசியாக ஒருதரம் வந்து எடுங்கள் என்று. முந்திய நோன்பு மாதத்தில் காய்ச்சலில் விட்ட நோன்புகளை நான் அப்போதுதான் பிடித்துக்கொண்டிருந்தேன். அன்றும் நோன்பு. இருந்தும் மோட்டார் சைக்கிளில் கோமாரிக்குப் போனேன்.

சுண்ணாம்புக் கோடு போட்ட மரங்களில் பழம் இல்லை. குரங்கு முடித்திருந்தது. வளவின் மறுகோடியில் நான் ருசி பார்த்திராத இரண்டு மரம் சிவந்து காய்த்து நின்றது. நோன்போடு ருசி பார்த்துத் துப்பலாம், நோன்பு முறியாது என்று சொல்லுவார்கள். நான் ஒரு விசர்ப் பிடிவாதக்காரன். நாக்கில் ஒரு துளியும் படவிடமாட்டேன் என்று நின்றேன்.

“நான் பாத்துச் சொல்லட்டா காக்கா?” என்று அக்கா கேட்டார்.

“ஓம், பாருங்க.”

கடித்தார். மென்றார். தூரத்தில் கடல் பக்கம் பார்த்தபடி, “புளி” என்றார். மற்ற மரத்துப் பழத்தையும் கடித்துவிட்டு, “நல்ல புளி” என்றார்.

அவர் மூன்று நாளாகச் சோறு தின்னவில்லை என்பது எனக்குத் தெரியாது. வன்னியில் கடைசித் துண்டு மணலில் சனத்தை வைத்து நாலாபக்கமும் அடிக்கிறார்கள் என்று வானொலி சொல்லிக்கொண்டிருந்த நாட்கள் அவை. அவர் வாயில் எதை வைத்தாலும் அன்று புளித்திருக்கும். நான் அதை யோசிக்கவில்லை. இரண்டு மரத்தையும் உலுக்கி இரண்டு சாக்கு நிரப்பினேன்.

போகும்போது, “காக்கா, உங்கட பள்ளியில தொழக்குள்ள என்ட பிள்ளைக்காகவும் ஒருக்காக் கேளுங்க” என்றார். நான் தலையாட்டினேன். என் மனதின் ஒரு மூலையில் ‘எங்கட ஆக்களும் இப்படித்தானே அழுதாங்க’ என்று ஒரு திருப்தி இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இங்கே எழுதுகிறதெல்லாம் பொய்.

வழியில் சோதனைச் சாவடியில் சீருடைக்காரன் ஒருவன் கூரான கம்பியால் சாக்குகளைக் குத்தினான். குத்தினான், இழுத்தான், மறுபடி குத்தினான். உள்ளே பழங்கள் நசிந்து சாறு சாக்கால் வடிந்து என் சாரனை நனைத்தது. கஜுச் சாற்றின் கறை போகாது. “என்னத்தத் தேடுற?” என்று கேட்டதற்கு முகத்தில் ஓர் அறை விழுந்தது. அங்கே என் கை முந்தவில்லை. துவக்குக்கு முன்னால் முந்தாத கை, நிராயுதபாணிகளுக்கு முன்னால்தான் முந்தும் என்பதை அன்று தெரிந்துகொண்டேன்.

நசிந்த பழம் நிற்காது என்று வந்தவுடனேயே பிழிந்தேன். சாடி இல்லாததால், கடல் வந்தபின் நிவாரணத்தில் தண்ணீர் கொடுத்த நீலக் கேனில் ஊற்றி மூடியைத் திருகினேன். நோன்பு திறந்த பிறகு மிஞ்சிய ஒரு பழத்தைக் கடித்தேன். தேன். சுத்தமான தேன். கொட்டியிருக்க வேண்டும். மனம் வரவில்லை. கொஞ்சம் நாள் பிந்தினாலும் புளிக்கும்தானே என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். அடுத்த நாளே கேன் வயிறு ஊதியது. ஒவ்வொரு நாளும் மூடியைத் தளர்த்திக் காற்றை விட்டேன். கொட்டிலுக்குள் சாராய மணம் அடித்தது.

ஒரு வாரம் கழித்து யுத்தம் முடிந்தது என்று அறிவித்தார்கள். அன்று காலையிலிருந்து கல்முனைச் சந்தியில் வெடி கொளுத்தினார்கள். லொறிகளில் கொடியோடு ஆட்கள் போனார்கள். தமிழ்ப் பகுதிக் கடைகள் பூட்டிக் கிடந்தன. நான் வானொலிப் பெட்டிக்கு முன்னால் இருந்து எழும்பவில்லை. அக்காவின் மகனை நினைத்தேன், பிறகு நினைக்காமலிருக்கப் பார்த்தேன். கேன் மூடியைத் தளர்த்த மறந்துபோனேன்.

பின்னேரத்து அஸர் தொழுகை முடிந்து சனம் பள்ளியால் இறங்குகிற நேரம் கேன் வெடித்தது. மூடி தகரக் கூரையைத் துளைத்துக்கொண்டு போனது. குண்டுச் சத்தம் கேட்டு வளர்ந்த ஊர் அது. “குண்டு! குண்டு!” என்று கத்திக்கொண்டு தெருவே எங்கள் வளவுக்குள் ஓடிவந்தது. வேலியைப் பிரித்துக்கொண்டு உள்ளே விழுந்தவர்கள் இரத்தத்தைத் தேடினார்கள். அவர்கள் கண்டது கூரையிலிருந்து சொட்டுகிற நுரையை. பிறகு மணம் மூக்கில் ஏறியது.

மீன் கூறி விற்கிற நெட்டை மனிசன் ஒருவன், “சாராயம் காய்ச்சுறான்!” என்றான். “ஊருக்கு அச்சாறு குடுக்கிறவன் வீட்டில சாராயம்!”

வாயைத் திறந்து விளக்கம் சொல்லியிருக்கலாம். என் கை முந்தியது. அவன் மூக்கில் குத்தினேன், எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. அதோடு எல்லாரும் என்மேல் விழுந்தார்கள். மண்வெட்டிப் பிடியால் முதுகில் விழுந்தது. ஒருவன் இரும்பு அலவாங்கோடு கொட்டிலுக்குள் போனான். முதல் சாடி, இரண்டாவது சாடி, மூன்றாவது சாடி. பீங்கான் உடைகிற சத்தத்தை நான் எண்ணினேன். என்னைக் காலைப் பிடித்து அந்த ஓடுகளின்மேல் இழுத்தார்கள். முதுகு கிழிந்தது. கிழிந்த இடமெல்லாம் சாடியிலிருந்து கொட்டியது ஊறி நெருப்பாக எரிந்தது. அந்த எரிவில்தான் எனக்குத் தெரிந்தது, மூன்று சாடியும் வினாகிரியாகிவிட்டிருந்தது. நல்ல, முற்றின வினாகிரி. அதற்கு என் முதுகு சாட்சி. என் முதுகை யார் கேட்டார்கள்?

“வினாகிரிடா! ருசி பாருங்கடா!” என்று கத்தினேன்.

“ருசி பாக்கிறயா? நாப்பது நாள் தொழுகை போயிரும், ஆரு பாக்கிற?” என்றான் ஒருவன். சாராயத்தை ஒரு மிடறு குடித்தவனின் தொழுகை நாற்பது நாளைக்கு ஏற்கப்படாது என்பதை எங்கள் ஊரில் பால்குடியும் அறியும். ஒருவரும் குனியவில்லை. தரையில் கொட்டியது மணலோடு போய்விட்டது. மிச்சம் நின்றது அந்த நீலக் கேன் மட்டும்தான். பாதிச் சாறு அதில் இருந்தது. காலால் உதைத்துப் பார்த்தும் அது உடையாமல் நிமிர்ந்தே நின்றது.

“பிளேடு கொண்டு வாங்க, தலைய வழிக்க” என்று யாரோ சொன்னார்கள். யாரோ என் வீட்டுப் போத்தல்களையே பொறுக்கத் தொடங்கினார்கள். என் மனைவி குசினி வாசலில் நின்று அலறினாள். தலையை வழித்துப் போத்தல் மாலையோடு நடந்தவரின் முகம் எனக்கு ஞாபகம் வந்தது. ஒரு மகள் போனவளுக்கு இனிப் புருசனும் இல்லை என்று நினைத்தேன். அடி பட்ட எந்த இடத்திலும் அவ்வளவு வலிக்கவில்லை.

அப்போது குசினிப் பக்கத்தால் என் மச்சான் வந்தான்.

கூட்டம் விலகி வழி விட்டது. அவன் என்னைப் பார்க்கவில்லை. “ஆரும் பாக்கமாட்டீங்கதானே. நான் பாக்கிறன்” என்றான்.

“வேணாம்டா” என்றேன். நாலரை வருசத்துக்குப் பிறகு அவனோடு நான் கதைத்த முதல் சொல். அந்தக் கேனில் என்ன இருக்கிறது என்று அங்கே நின்றவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும். உடைந்த மூன்றில் ஒன்றாவது மிஞ்சியிருக்கக்கூடாதா என்று அல்லாவோடு சண்டை பிடித்தேன்.

அவன் தண்ணீர்த் தொட்டியடியில் கிடந்த சிரட்டையை எடுத்துக் கேனுக்குள் விட்டு மொண்டான். நாக்கில் தொட்டுப் பார்க்கவில்லை. மிடறு மிடறாக முழுவதையும் குடித்தான். நான் அவன் இடது கண்ணையே பார்த்தேன். அது மூடவில்லை. துடிக்கவும் இல்லை. இரண்டு கண்ணும் அகலத் திறந்திருந்தன, இரண்டிலும் தண்ணீர் நின்றது.

“புளி” என்றான். “வினாகிரிதான்.”

மூக்கைப் பொத்திக்கொண்டிருந்த மீன்காரன், “அல்லாட மேல சத்தியம் பண்ணு” என்றான்.

“என்ட வார்த்த உங்களுக்குக் காணாதா? இவன் என்ட வாய உடைச்சவன். இவனுக்காக நான் பொய் சொல்லுவனா?” முன்பல் இல்லாத வாயைத் திறந்து காட்டினான். “போங்க. உடைச்ச சாடிக்கு அல்லாட்ட பதில் சொல்லுங்க. போங்க!”

போனார்கள். ஒருவர் பின் ஒருவராக, பிரித்த வேலியால். ஒருவன் அலவாங்கைச் சுவரில் சாத்திவிட்டுப் போனான்.

கடைசி ஆளும் போனபின் அவன் கிணற்றடிக்கு ஓடினான். தொண்டைக்குள் விரலை விட்டு வாந்தியெடுத்தான். பிறகும் விரலை விட்டான், வெறும் குடல்தான் வந்தது. நான் தவழ்ந்துபோய் அவன் பக்கத்தில் இருந்தேன். என் முதுகிலிருந்து இரத்தம் கிணற்றடிச் சீமெந்தில் சொட்டியது.

“உனக்குத் தெரியுமா அது என்னண்டு?”

“மணத்திலயே தெரியும் மச்சான்.”

“பிறகு என்னத்துக்குடா குடிச்ச?”

வாயைக் கழுவினான். துப்பினான். “அண்டைக்கி உங்கட புள்ளைய விட்டுட்டன்” என்றான். “நான் அவளப் பிடிச்ச பிடிய விடல்ல மச்சான். மரத்தப் பிடிச்ச இந்தக் கைய எடுத்தாத்தான் அவள ரெண்டு கையாலயும் பிடிக்கலாம் எண்டு மரத்த விட்டன். அதுக்குள்ள அடுத்த அல வந்திட்டு. மறுகா மரம்தான் கையில கிடைச்சிச்சி. அவள் கிடைக்கல்ல. இண்டைக்கி உங்களையும் விட்டுப்போட்டு ராத்தாட மூஞ்சில எப்பிடி முழிக்கிற?”

நாலரை வருசமாக அவன் இதைச் சொல்ல வந்தது குசினிப் பக்கத்தால். நான் முன்வாசலில் அடிக்கிற கையோடு இருந்தேன். அந்த வாளி விளிம்பை என் வாயிலேயே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அவன் தோளில் கை வைத்தேன். அவன் ஒரு கணம் குறுகினான். என் கை வந்தால் குறுகுவதற்கு அந்த உடம்பு பழகியிருந்தது. அந்தக் குறுகலை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். மனைவி வந்து இருவர் தலையிலும் ஒரே வாளித் தண்ணீரை ஊற்றினாள். ஊற்றும்போது திட்டினாள், இருவரையும் பெயர் சொல்லாமல், பொதுவாக.

அதற்குப் பிறகு நாற்பது நாள் அவன் பள்ளியில் முதல் வரிசையில் நிற்கவில்லை. ஏற்கப்படாத தொழுகை என்று தெரிந்தும் ஐந்து வேளையும் வந்தான். கடைசி வரிசையில், செருப்புக் கழற்றும் இடத்தை ஒட்டி நின்றான். ஊர் அதற்கு அடக்கம் என்று பெயர் வைத்தது. நானும் போய் அவன் பக்கத்தில் நின்றேன். அங்கே நின்று கோமாரி அக்காவின் மகனுக்காகவும் கேட்டேன், பிந்தித்தான் கேட்டேன். இன்றுவரை அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

நீலக் கேனை நான் கொட்டவில்லை. மூடிக்குப் பதிலாகத் துணி கட்டினேன். உப்புப் போடவில்லை, கலக்கவில்லை, எட்டிப் பார்க்கவும் இல்லை. கை போடாமல் இருப்பது அவ்வளவு கடினமாக இருந்தது. நோன்பு மாதத்துக்குப் பிறை பார்க்கச் சில நாள் இருக்கையில் துணியை அவிழ்த்தேன். மேலே தோல் படிந்து, கீழே தெளிந்து, பொன்னிறமாக இருந்தது. நான் ருசி பார்க்கவில்லை. சின்னப் போத்தல் ஒன்றில் ஊற்றிக்கொண்டு அவனுடைய வீட்டுக்கு, முன்வாசலால், போனேன்.

“நீதான் பாக்கணும்” என்றேன்.

அவன் போத்தலை வெயிலில் பிடித்துப் பார்த்தான். விரலை நனைத்தான். பயந்தான் என்றுதான் நினைக்கிறேன், நானும் பயந்தேன். விரலை நாக்கில் வைத்தான். பல் போன இடைவெளியால் காற்றை உறிஞ்சினான். தாடை இழுபட்டது. அந்த முறுகிய சிவப்பு மரத்தின் சாறுகூட அவனை அப்படி இழுத்திருக்காது.

“வினாகிரிதான் மச்சான்” என்றான்.

இடது கண் இறுக மூடியிருந்தது.